என் பெயரில் எழுதிய காய்ச்சல்

முதலில் மிளகுத் தூசி என்றுதான் நினைத்தேன். எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், கொச்சங்காடித் தெருவில், பண்டகசாலைகளுக்கு நடுவே. கீழே என் வீட்டுக்காரரின் சுக்கு, மிளகு மண்டி, மேலே நாங்கள். அந்தத் தெருவில் இருமாத ஆளே கிடையாது. அதனால் நானும் இருமினேன். மூன்று மாதம் இருமினேன். சாயங்காலமானால் கண் எரியும், முதுகில் ஈரத்துணியை ஒட்டிவைத்த மாதிரி ஒரு குளிர் வரும். மற்ற எல்லாவற்றையும் வாய் ஓயாமல் சொல்கிறவள், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலின் மேல் பாகத்தில் ஒரு குழி (நோய் அரித்து உண்டாக்கிய பொந்து) இருப்பதை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். க்ஷயம் (காசநோய்). அந்தக் காலத்தில் வீட்டுக்குள்கூட அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு வயது இருபத்தாறு. என் வீட்டுக்காரர் காதர்தான் என்னைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

"ஊசி போட்டா மாறிடும்னு சொல்றாங்க புள்ளே. நீ மட்டும் கொஞ்சம் வாயை அடக்கிக்கிட்டு, சொன்னபடி கேளு."

"ஏன், வாயால வந்த சீக்கா இது?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான்.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் சீக்கு இன்று மாத்திரையில் போய்விடுகிறது. ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சு எங்கும் போய்விடவில்லை. வராத டாக்டருக்காக அதில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான்.

எனக்கு மூன்று விதமான சிகிச்சை. இடுப்பில் ஊசி. தொண்டையில் இறங்காத கசப்பு மருந்து. பிறகு வாரம் ஒரு தடவை காற்று வைப்பது (விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையில் காற்றை ஏற்றுவது; அந்த அழுத்தத்தில் நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், குழி மூடும்). ஏற்றிய காற்று உடம்புக்குள்ளேயே மெல்ல வற்றிவிடும். அதனால் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். ஒரு வாரம் தவறினால் பாதகமில்லை. மேலும் மேலும் தவறினால் நுரையீரல் விரிந்து நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஊசி குத்த இடமே கிடைக்காது. அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

மட்டாஞ்சேரி க்ஷய கிளினிக்கில் எங்களுக்கு வியாழக்கிழமைதான் காற்று நாள். டாக்டர் எர்ணாகுளத்திலிருந்து காயலைக் (உப்பங்கழியை) கடந்து போட்டில் வருவார். ஒன்பது மணி என்று பலகையில் எழுதியிருக்கும். ஒன்பது என்றால் பத்தரை என்று எங்களுக்குத் தெரியும். சில நாள் பன்னிரண்டும் ஆகும். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அவசர கேஸ் என்பார்கள், போட் கிடைக்கவில்லை என்பார்கள்.

நடையில் இரண்டு நீள பெஞ்சு. ஒன்றில் ஆண்கள், மற்றதில் பெண்கள். இருபது பேர் இருப்போம், இருபது பேருக்கும் நெஞ்சில் ஓட்டை. டாக்டர்மேல் வரும் கோபத்தை டாக்டரிடம் காட்ட முடியுமா? ஊசி அவர் கையில் அல்லவா இருக்கிறது! எல்லாம் சிஸ்டர் பிலோமினாவின் தலையில்தான் விழும்.

சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கும்பளங்கியிலிருந்து தினமும் வருவார். கொஞ்ச காலம் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர், அதனால் எங்களோடு தமிழ் மாதிரி ஒன்று பேசுவார். யார் எவ்வளவு கத்தினாலும் எதிர்வார்த்தை சொல்ல மாட்டார். டாக்டர் இதோ வருகிறார் என்று பொய்யும் சொல்ல மாட்டார். நேராக உள்ளே போவார், பீங்கான் தட்டில் தெர்மாமீட்டர்களோடு வருவார், கத்துகிற ஆளின் முன்னால் நிற்பார்.

"வாய் தொறக்கு மோளே. இனி அஞ்சு மினிட்டு மிண்டருது." (மோளே என்றால் மகளே, மிண்டருது என்றால் பேசக்கூடாது.)

நாக்குக்கு அடியில் கண்ணாடிக் குச்சி இருக்கும்போது யாரால் சண்டை போட முடியும்? அவரையும் பெஞ்சையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஐந்து நிமிடத்தில் கோபத்தில் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதியை, அடுத்த ஆளின் வாயில் குச்சி வைப்பதைப் பார்க்கிற சந்தோஷத்தில் மறந்துவிடுவோம். என் வாயில் அந்தக் குச்சி ஏறாத வியாழக்கிழமையே இல்லை. ஆண்கள் பெஞ்சில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இது வெறும் வாய்ப்பூட்டு என்று நான் தீர்மானமாக நம்பியிருந்தேன்.

அது வெறும் வாய்ப்பூட்டு இல்லை. குச்சியை எடுத்ததும் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து அவரவர் சீட்டில் எழுதுவார். காய்ச்சல் கூடுதலாக இருந்தால் அந்த ஆளை உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, பியூன் வர்க்கியைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அங்கே இருக்கும் டூட்டி டாக்டரைக் கூட்டிவரச் சொல்வார். காய்ச்சல்காரருக்கு அன்று காற்று கிடையாது. ஆனால் உடனே ஒரு டாக்டர் பார்த்துவிடுவார். இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

என் பக்கத்து இடம் விசாலத்தினுடையது. பாலக்காட்டுப் பெண், இருபத்திரண்டு வயது. புருஷன் தேயிலைக் கம்பெனியில் கிளார்க். இரண்டு வயதுக் குழந்தையை மாமியாரிடம் பாலக்காட்டில் விட்டிருந்தாள். எட்டு மாதமாகக் குழந்தையைத் தொடவில்லை. நான் பேசுவேன், அவள் கேட்பாள். நான் டாக்டரைத் திட்டும்போது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "நீங்க திட்டறதைக் கேட்டாலே எனக்குப் பாதி சீக்கு போயிடறது அக்கா" என்பாள். அவளாக ஒரு தடவைகூட டாக்டர் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை விடாத மழை. காயலில் காற்று, போட் ஒழுங்காக ஓடவில்லை. ஒன்பதும் போயிற்று, பத்தும் போயிற்று. நான் ஆரம்பித்தேன். "மழை இவருக்கு மட்டுந்தான் பெய்யுதா? நாங்கல்லாம் வந்து சேரலையா?" ஆண்கள் பெஞ்சில் ஒருவர் ஆமாம் என்றார். இன்னொருவர் எழுந்து நின்று கலெக்டருக்கு எழுதுவேன் என்றார். நடையே அமளியானது. சிஸ்டர் அன்று தனி ஆள். துணைக்கு இருக்கும் நர்ஸ் வரவில்லை. தட்டோடு வந்தார். எனக்கு ஒன்று வைத்தார், விசாலத்துக்கு ஒன்று வைத்தார், பெண்கள் எல்லோருக்கும் வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போனார்.

விசாலம் என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது. வாயிலிருந்து குச்சியை எடுத்துப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நூற்றிரண்டு.

"காலம்பறலேர்ந்து கொதிக்கறது அக்கா. போன வாரமும் காய்ச்சல்னு திருப்பி அனுப்பிட்டா. இன்னிக்கும் அனுப்பினா ரெண்டு வாரம் போயிடும். அப்பறம் ஊசி குத்த எடமே இருக்காதுன்னு டாக்டர் சொன்னாரே. கொழந்தையை எப்போ நான் பார்க்கறது?"

அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. சிஸ்டர் ஆண்கள் பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் குச்சியை எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

"உன்னதை இங்க குடு."

"என்னத்துக்கு?"

"உனக்குக் காத்து வேணும். எனக்குக் கட்டில் வேணும். குடுன்னா குடு."

பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு கழன்றுகொண்டிருந்தது. கட்டில் என்றால் கால் நீட்டலாம். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். மாற்றிக்கொண்டோம். "வாயில வைக்காதே, ஏறிடும். கையில வெச்சுக்கோ, நேரமாச்சுன்னு எடுத்துட்டோம்னு சொல்லிக்கலாம்" என்று சாமர்த்தியமாகச் சொல்லியும் கொடுத்தேன். சிஸ்டர் வந்தார், வாங்கினார், ஜன்னல் பக்கம் திருப்பினார், எழுதினார். விசாலத்தின் சீட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. என் சீட்டில் நூற்றிரண்டு.

என்னை எழுப்பி உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கட்டிலில் படுக்க வைத்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, துணியை நனைத்துப் போட்டார். போர்வையை இழுத்துவிட்டார். "இனி மிண்டாதெ கிடக்கணும்" என்றார். கிடந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. வர்க்கியை அவர் கூப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன். நல்லவேளை, டூட்டி டாக்டர் வந்திருந்தால் குட்டு உடைந்துபோயிருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஓட்டில் மழை விழும் சத்தம். துணியின் குளிர்ச்சி. சுகமாக இருந்தது, சொல்லவே கூசுகிறது. சீக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு நன்றாக நான் தூங்கியதே இல்லை.

ஓர் இருமல் சத்தத்தில் விழித்தேன். அந்த நடையில் இருமல் புதிதில்லை. இது வேறு மாதிரி இருந்தது, தண்ணீருக்குள்ளிருந்து இருமுவது போல. அப்புறம் பெஞ்சு நகரும் சத்தம், பெண்களின் கூச்சல். நான் கதவுக்கு வந்தபோது விசாலம் சிஸ்டரின் மடியில் கிடந்தாள். அவள் புடவையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

டாக்டர் அப்போதுதான் படியேறி வந்தார், குடையை மடக்காமலே ஓடி வந்தார். அவளைத் தொட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"தீயா கொதிக்கிறது. இதில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு? யார் பார்த்தது?"

"ஞான்தான் டாக்டர்" என்றார் சிஸ்டர். என் பக்கம் திரும்பவில்லை.

அவளைக் காரில் ஏற்றிப் பாலம் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நடையைக் கழுவினார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டு, மற்றவர்களுக்குக் காற்று வைக்க உட்கார்ந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை: எனக்கும் வைத்தார். களேபரத்தில் என் நூற்றிரண்டை யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையைத் தலைக்குமேல் தூக்கி, ஒருக்களித்துப் படுத்து, வழக்கம்போல நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்காம் நாள் விசாலம் இறந்துபோனாள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்ததாம், கூடவே உள்ளே ஒரு ரத்தக்குழாய் உடைந்ததாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பின்னால் டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர் சொல்லியிருக்கலாம். எத்தனை நாள் அந்தப் பதிலுக்கு ஏங்கியிருக்கிறேன்!

அடுத்த வியாழன் அவள் புருஷன் எக்ஸ்ரே படங்களை வாங்கிப்போக வந்தார். படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"நீங்கதானே பக்கத்துல உட்காந்திருந்தேள்? அன்னிக்கு அவ ஏதாவது சொன்னாளா?"

"இல்லீங்க. அமைதியாத்தான் இருந்தா" என்றேன். எங்கே போயிற்று என் பொல்லாத வாய்?

சிஸ்டருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்ததாக வர்க்கி சொன்னார். அதன்பின் அவர் ஒவ்வொரு குச்சியையும் இரண்டு தடவை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும், அவர்மேல் விழுந்த பழி போய்விடும். ஒவ்வொரு வியாழனும் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்புவேன். சொன்னால் என்னை நிறுத்திவிடுவார்கள், காற்று வற்றிவிடும், செத்துப்போவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்ததும் பயம் வந்துவிடும். உயிராசை. வேறு பேர் வைத்து அழைக்க எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் நான் ஒரு தடவையும் கத்தவில்லை. டாக்டர் எத்தனை மணிக்கு வந்தாலும் சும்மா இருந்தேன். புத்தி வந்துவிட்டது என்று ஆண்கள் பெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குழி மூடிவிட்டது, சளியில் கிருமி இல்லை, இனிமேல் காற்று வேண்டாம் என்று டாக்டர் சொன்ன நாளில், நேராக உள்ளறைக்குப் போனேன். சிஸ்டர் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அன்னைக்கு விசாலத்தோட குச்சியும் என்னோட குச்சியும்..."

"அறியாம்" என்றார் திரும்பாமலே. எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

"எப்ப தெரியும்?"

"அப்போ தன்னே தெரியும் மோளே. ஒன்னெக் கட்டில்ல கிடத்தி நெத்தியில கை வெச்சில்லே? தணுத்துக் கிடந்து. ஒரு பொட்டு சூடு இல்லா."

"பின்ன எதுக்கு என்னைப் படுக்க வெச்சீங்க?"

அவர் ஸ்டவ்வை அணைத்தார். சத்தம் நின்றது.

"நீ காலத்து முதல் ஒச்ச எடுத்தோண்டிருந்து (காலையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டிருந்தாய்). ஒன்னோட சேர்ந்து மத்தவரும் தொடங்கி. ஞான் ஒத்தைக்கு. கட்டில் கொடுத்தா இவ மிண்டாதெ கிடக்கும்னு நினைச்சு. அவ்ளோதான்." கொதித்த ஊசிகளைத் தட்டில் எடுத்து வைத்தபடி மேலும் சொன்னார். "காய்ச்சல் ஒனக்கு இல்லென்னா பெஞ்சுல வேற யாருக்கோ உண்டு. அதும் எனக்கு அறியாம். ஓரோரு நெத்தியிலயும் கை வைக்க ரெண்டு மினிட்டு போதும். அந்த ரெண்டு மினிட்டு ஞான் நடக்கல்லா. ஒச்ச நின்னு, கொறச்சு நேரம் இரிக்கட்டேன்னு இருந்து போயி (சத்தம் நின்றது, கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்)."

அன்று வர்க்கியை ஏன் கூப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"மெமோவுக்கு என்ன எழுதினீங்க?"

"தப்பா வாயிச்சுன்னு எழுதி."

தப்பாகப் படித்துவிட்டேன் என்று. என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டுமானால் தன்னையும் காட்டிக் கொடுக்க வேண்டும். அத்தனை மாதமும் ஒருத்தி வாயை ஒருத்தி பொத்தியபடி அந்த நடையில் நின்றிருக்கிறோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. குணமாகிப் போகிற எல்லோரிடமும் சொல்வதையே என்னிடமும் சொன்னார்.

"போயிட்டு வா. இனி இவிடெ வரண்டா மோளே."

இங்கே இனி வர வேண்டாம் என்று. நான் போகவும் இல்லை அந்தப் பக்கம்.

இப்போது என் உடம்பைப் பற்றி. இடது பக்கம் மூச்சு கொஞ்சம் குறைவுதான். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நிற்பேன். சளி இல்லை, ரத்தம் இல்லை, எடையும் கூடியிருக்கிறது. காத்திருக்க நேர்ந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. பக்கத்தில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால் பயமாக இருக்கிறது. நீங்கள் கத்துங்கள், வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன்; நேரம் கடந்தால் கோபம் வரத்தான் செய்யும். கத்துவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவரின் கையை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். நர்ஸிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவருக்கும் இரண்டு கைதான்.

மழைக்காலத்தில் சில நாள், பகல் பதினொரு மணி சுமாருக்கு, எனக்கு உடம்பு கொதிக்க ஆரம்பிக்கிறது. கண் எரிகிறது, உதடு காய்கிறது. படுத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து ஏறி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

"ஒண்ணுமில்லையே புள்ளே. சில்லுன்னுதானே இருக்கு?"

ஆமாம் என்பேன். அவர் கீழே போனதும், ரத்தம் தோய்ந்த அந்த இருமல் அன்று கேட்ட நேரம் தாண்டும்வரை அப்படியே படுத்திருப்பேன். என்னுடைய காய்ச்சல் இல்லை அது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லை.